மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே பேச்சு

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், அவ சும்மா நடிக்கா."

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எந்த ஆஸ்பத்திரி காஷுவாலிட்டியிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. கையில் கீறலோடு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி அம்மா சொல்வார், அண்ணன் சொல்வார். சில நேரம் கட்டுப் போடுகிறவர்களே சொல்வார்கள். போன மாதமும் வந்திருப்பாள். தையல், டி.டி. ஊசி, கொஞ்சம் அறிவுரை, வீடு. சீட்டில் 'குடும்பத் தகராறு' என்று இருக்கும். ஐந்தாவது முறை வரும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. ஐந்து முறை வந்த கதையை வரிசையாக அடுக்கிப் பார்த்திருந்தால் அதுவே நோயின் படமாக இருந்திருக்கும்.

ஆளுமைக் கோளாறு என்றால் குணம் கெட்டவர் என்று பொருள் இல்லை. தன்னைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் எண்ணம், பிறரை அவர் எடுத்துக்கொள்ளும் விதம், பயமோ கோபமோ வந்தால் செய்யும் காரியம் ஆகியவை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரு போக்கில் இருக்கும். அந்தப் போக்கு வளைந்துகொடுக்காமல் இறுகிப்போய், வீடு, வேலை, நட்பு என்று போகிற இடமெல்லாம் ஒரே மாதிரி முறிவை உண்டாக்கி, பல ஆண்டுகள் நீடித்தால்தான் அது கோளாறு. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தெரிய ஆரம்பிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 2 ஆண்டு நீடிக்க வேண்டும் என்கிறது. மாமியாரிடம் மட்டும் சண்டை போடுகிற மருமகளுக்கு ஆளுமைக் கோளாறு இல்லை. அது மாமியார் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

நர்ஸ் நோயைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் அதற்கான தகவலில் பாதி நர்ஸ் கையில்தான் கிடைக்கிறது. டாக்டர் பார்ப்பது ரவுண்ட்ஸ் நேரத்துப் பத்து நிமிடம், நர்ஸ் பார்ப்பது மீதி நாள் முழுவதும். அதில் இரண்டு விஷயங்களைக் குறித்துவைத்தால் போதும், பல குழப்பம் தீரும். முதலாவது, மனநிலை எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மாறுகிறது. இருமுனைக் கோளாறில் உற்சாகமோ சோர்வோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். ஆளுமைக் கோளாறுகளில் உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைக்கழியும் பார்டர்லைன் வகையில் காலையில் சிரித்தவர் பதினொரு மணிக்கு உடைந்து அழுது, மதியச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடுவார். அந்த மாற்றத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு மனிதர் இருப்பார்: எடுக்கப்படாத போன், சுருக்கமாகப் பதில் சொன்ன டாக்டர், வருகிறேன் என்று சொல்லி வராத தோழி. இரண்டாவது, எந்த வயதில் தொடங்கியது. நாற்பத்தைந்து வயது வரை சாதுவாக இருந்தவர் ஆறு மாதமாக ஆளே மாறிவிட்டார் என்று வீட்டார் சொன்னால் அதை ஆளுமைக் கோளாறு என்று ஏற்கக் கூடாது. தலையில் அடிபட்டதா, குடி எவ்வளவு, தைராய்டு பார்த்தார்களா, மூளையில் ஏதும் உண்டா என்று தேட வேண்டும்.

வகைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட பட்டியலில் 10 வகை, மூன்று கொத்து. சந்தேகமும் விலகலும் மிகுந்தவர்கள் ஒரு கொத்து. உணர்ச்சிக் கொந்தளிப்பும் விதிமீறலும் மிகுந்தவர்கள் ஒன்று. பயமும் பிறரைச் சார்தலும் கறார்த்தனமும் மிகுந்தவர்கள் ஒன்று. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் வகைப்பாடு இந்தப் பெயர்களை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. கோளாறு லேசா, நடுத்தரமா, கடுமையா என்று மட்டும் முதலில் கேட்கிறது. பிறகு எந்தக் குணங்கள் முன்நிற்கின்றன என்று பார்க்கிறது. 'பார்டர்லைன் போக்கு' என்ற ஒன்றை மட்டும் தனியாக விட்டுவைத்திருக்கிறது. வார்டுக்கு இந்தப் புதிய முறைதான் உதவும். பெயர் தெரிந்து என்ன செய்வது? எவ்வளவு கடுமை, எதில் உடைகிறார் என்று தெரிந்தால்தான் டியூட்டி போட முடியும்.

காரணம் கேட்கும் குடும்பத்துக்கு நேர்மையான பதில் இது: பிறப்பிலேயே உணர்ச்சி சீக்கிரம் பொங்கி மெதுவாக இறங்கும் சுபாவம் கொஞ்சம், வளர்ந்த சூழல் கொஞ்சம். அடி, பாலியல் துன்பம், புறக்கணிப்பு இவற்றின் பங்கு பலரிடம் பெரியது, ஆனால் எல்லாரிடமும் இல்லை. 'வளர்ப்புச் சரியில்லை' என்று அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்த நாள் முதல் அந்த அம்மா வார்டில் நம்மோடு பேச மாட்டார்.

இனி வார்டு. பார்டர்லைன் போக்கு உள்ளவரைச் சேர்த்த மூன்றாம் நாளில் பெரும்பாலும் ஒன்று நடக்கும். காலை டியூட்டி நர்ஸிடம் அவர் சொல்வார்: "நீங்க மட்டுந்தான் சேச்சி என்ன மனுஷியா பாக்கீங்க. ராத்திரி வார சிஸ்டர் கல்லாக்கும்." கேட்டவருக்கு உள்ளூரக் குளிரும். பத்து நிமிடம் போன் என்ற விதியில் இன்னொரு பத்து நிமிடம் சேரும். இரவு டியூட்டிக்காரர் விதிப்படி போனை வாங்கி வைப்பார். கத்தல், தலையைச் சுவரில் மோதல். மறுநாள் ஹேண்ட் ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் பேச்சில், "நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிற" என்று ஒருவரும், "உனக்கு மனசே இல்ல" என்று இன்னொருவரும் சொல்லிக்கொள்வார்கள். வார்டு இரண்டாகப் பிளந்துவிட்டது.

இதை அந்தப் பெண் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரே ஆளிடம் நல்லதும் கெட்டதும் சேர்ந்திருக்கும் என்பதைப் பதற்றத்தின் நடுவே அவரால் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. அந்த நிமிடத்தில் ஒருவர் தெய்வம், இன்னொருவர் பிசாசு. அம்மா வேண்டாம் என்றதை அப்பா வாங்கிக்கொடுக்கும் வீட்டில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளுமோ, அதைத்தான் இப்படிப் பிளந்த வார்டிலும் அவர் கற்றுக்கொள்கிறார். புகழ்ச்சி வரும்போது சொல்ல வேண்டிய பதில் எளிது: "ராத்திரி உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கு. அந்த சிஸ்டர் வந்ததும் என்ன நடந்ததுன்னு நேராக் கேட்போம், நானும் கூட நிக்கேன்." சக ஊழியரைக் காப்பாற்றி வாதாடவும் வேண்டாம், நோயாளியோடு சேர்ந்து குறை பேசவும் வேண்டாம்.

இதற்கு மருந்து ஹேண்ட் ஓவர்தான். நம் ஊர்களில் ஹேண்ட் ஓவர் என்றால் டிரிப் எத்தனை, யூரின் எவ்வளவு, எந்த டெஸ்ட் பாக்கி என்பதோடு முடிந்துவிடும். இந்த நோயாளிக்கு நான்கு வரி கூடுதலாக வேண்டும். அவரோடு சேர்ந்து ஒத்துக்கொண்ட விதிகள் எவை. இன்று எதனால் பொங்கினார். தானாகவே செய்து அமைதியானது எது. நாம் எதை மறுத்தோம், என்ன வார்த்தையில் மறுத்தோம். நான்காவதுதான் முக்கியம். 'அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் புரியாது. "போன் காலை 11க்கும் மாலை 5க்கும் பத்து நிமிடம், நடுவில் கேட்டால் 'அடுத்தது 5 மணிக்கு' என்று மட்டும் சொல்ல வேண்டும்" என்று எழுதினால் மூன்று ஷிஃப்டும் ஒரே பேச்சைப் பேசும்.

எழுதும் மொழியிலும் கவனம் வேண்டும். 'அட்டென்ஷன் சீக்கிங்' (கவனம் ஈர்க்கச் செய்கிறார்), 'மேனிப்புலேட்டிவ்' (ஆளை வளைக்கிறார்) என்ற இரண்டு சொற்களையும் நர்ஸிங் குறிப்பிலிருந்து ஒழித்துவிடலாம். அவை எழுதியவரின் எரிச்சலைச் சொல்லும், நோயாளியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "மாலை 6.40க்குக் கணவர் போன் எடுக்கவில்லை. சத்தம் போட்டார், சுவரில் மூன்று முறை தலையை மோதினார். தனியாக உட்கார வைத்துப் பேசியதில் 7.05க்கு அமைதி. தலையில் வீக்கம் இல்லை, மயக்கம் இல்லை." இதைப் படிக்கிற டாக்டருக்கு எது தூண்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எது அடக்கியது என்ற மூன்றும் கிடைத்துவிடும்.

லண்டனில் காசெல் மருத்துவமனையை நடத்திய டாம் மெயின் 1957இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் நர்ஸிங் வகுப்புகளில் படிக்கத் தக்கது. தூக்க மருந்தை எப்போது கொடுக்கிறோம் என்று அங்குள்ள நர்ஸ்கள் தங்களுக்குள் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் தெரிந்தது, நோயாளியின் நிலை மட்டும் அதைத் தீர்மானிக்கவில்லை. கொடுக்கிறவரின் பொறுமை எல்லை தொட்ட நேரத்தில்தான் மருந்து போயிருக்கிறது. 'தேவைப்பட்டால் போடவும்' என்று எழுதிய ஊசியை எடுக்கும் முன், இது யாருடைய தேவைக்கு என்று கேட்டுக்கொள்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அதற்காக ஊசியே கூடாது என்று இல்லை. தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து என்றால் வேண்டும்தான். கட்டிப்போடுவதற்கு மட்டும் சட்டம் கறாரான வரம்பு வைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு தனிமையில் பூட்டிவைப்பதை முழுக்கத் தடுக்கிறது. உடலைக் கட்டுவது, கண்முன் நிற்கும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரம் மட்டும். தண்டனைக்காகக் கூடாது, ஆள் பற்றாக்குறைக்காகவும் கூடாது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கொந்தளிப்பின் நடுவே பேசுவது தனிக் கலை. ஒருவர் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் பக்கத்துக் கட்டில்காரர்களை நகர்த்த வேண்டும். இரண்டு கை தூரம் விட்டு, நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கதவை மறைக்காமல் நிற்க வேண்டும். சின்ன வாக்கியம், தாழ்ந்த குரல். முதலில் உணர்ச்சியை ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் வேண்டுகோள். "சாயங்காலம் முழுக்கக் காத்திருந்து போன் வரலைன்னா தாங்காதுதான். கையில இருக்கிறத மேசையில வைங்க. வச்ச பிறகு பேசலாம்." பலர் தவறுவது எங்கே என்றால், உணர்ச்சியை ஒத்துக்கொள்வதையும் செயலை ஒத்துக்கொள்வதையும் ஒன்றாகக் குழப்புவதில். தாங்காதுதான் என்பது சரி. கிழித்துக்கொண்டது நியாயம்தான் என்பது தவறு. "இதுக்கா அழுகிறே" என்பது இரண்டையும் விட மோசம், அது எரிகிற தீயில் எண்ணெய். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கையும் கொடுத்துவிடக் கூடாது. "உங்க உயிருக்கு ஆபத்துன்னா டாக்டர்கிட்ட சொல்லுவேன், மத்ததெல்லாம் உங்களுக்கும் எனக்கும் இடையில" என்பதே நிற்கும் வாக்கு.

பேச்சே ஏறாத அளவுக்குப் பொங்கியிருந்தால் உடம்பின் வழியாகப் போகலாம். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில் கற்பிக்கப்படும் வழிகள் இவை. அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர். மூச்சைப் பிடித்து முகத்தை 15 முதல் 30 வினாடி அதில் வைத்தால் இதயத் துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், உணவை ஒதுக்கி மெலிந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர்களுக்கு மூச்சு: நாலு எண்ணி உள்ளே, ஆறோ எட்டோ எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். வராந்தாவில் வேகமாக நடப்பதும் பலன் தரும். அமைதியாக இருக்கும் நாளிலேயே இவற்றைப் பழக்கிவிட வேண்டும். பொங்கும்போது முதல்முறையாகக் கற்பித்தால் பாத்திரம்தான் பறக்கும்.

காயத்துக்குக் கட்டுப் போடும்போது முகத்தில் அருவருப்பும் வேண்டாம், அளவுக்கு மீறிய பரிவும் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி போடாமல் தைப்பது, வலித்தால் புத்தி வரும் என்று நினைப்பது இன்னும் சில இடங்களில் உண்டு. அது கொடுமை, பலனும் இல்லை. அங்கே அவர் கற்றுக்கொள்ளும் ஒரே பாடம் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பது. சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. இறுக்கம் தணியக் கீறிக்கொள்வதும் உயிரை விட நினைப்பதும் வேறு வேறு. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் வெவ்வேறு நாளில் இருக்கும். போன முறை சும்மாதான் என்றிருந்தால் இந்த முறையும் சும்மா என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய கணக்குகளில் பார்டர்லைன் நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை தற்கொலையில் முடிந்திருக்கிறார்கள். மாத்திரை விழுங்கியவர் தெளிவாக உட்கார்ந்து பேசுகிறார் என்றும் அலட்சியம் கூடாது. பாராசிட்டமால் எடுத்தவர் முதல் நாள் நன்றாகவே இருப்பார். கல்லீரல் கெடுவது பிறகு தெரியும், அதற்குள் மாற்று மருந்து முழுப் பலன் தரும் நேரம் போய்விடும். ஆசிட் என்றால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு, பாட்டிலோடு அனுப்ப வேண்டும்.

இங்கே கேரள எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு மதுரையை விடத் திருவனந்தபுரம் கிட்டே. 1956 நவம்பர் 1இல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, ஆஸ்பத்திரிப் பழக்கம் அதோடு மாறிவிடவில்லை. ஒரு மாதம் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி, அடுத்த மாதம் திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடை ஊளம்பாறை மனநல மருத்துவமனை, நடுவில் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் டாக்டர். மூன்று சீட்டு, மூன்று இடத்து மாத்திரை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஒரே குளோனாசெபாம் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு கவரில் இருக்கும். நோயாளி இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நம்பிச் சாப்பிடுவார். அதனால் அட்மிஷன் நாளில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்ற கேள்வி போதாது. "வீட்டுல இருக்கிற எல்லாக் கவரையும் எடுத்துட்டு வாங்க, கேரளாச் சீட்டும் சேர்த்து" என்று கூட இருக்கும் பைஸ்டாண்டரை அனுப்ப வேண்டும். மேசையில் கொட்டி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயரை வைத்துப் பட்டியல் எடுக்க வேண்டும். இரட்டிப்பாகப் போய்க்கொண்டிருந்த தூக்க மாத்திரையைக் கண்டதும் பட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆளுமைக் கோளாறைத் தீர்க்கும் மாத்திரை இல்லை. பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பார்டர்லைனுக்கென்று மருந்து கொடுக்க வேண்டாம், நெருக்கடியில் தூக்க மருந்து தேவைப்பட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ தருவது வேறு. நம் ஊரில் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்று கூடும், எதுவும் குறையாது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுப்பதும் ஆபத்து. வாரத்துக்கு ஒரு வாரமாக, முடிந்தால் வீட்டில் ஒருவர் கையில்.

ஒளித்துச் சொல்வதும் எல்லையில் அதிகம். தற்கொலை முயற்சி என்று எழுதினால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில், அறியாத ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் "தெரியாம குடிச்சிட்டா" என்பார்கள். காஷுவாலிட்டியில் போலீசுக்குத் தெரிவிக்கும் எம்.எல்.சி. பதிவு போடுவார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்காக அந்தப் பெண்ணைத் தண்டிக்க மாட்டார்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதைப் பைஸ்டாண்டரிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும், உண்மையான மணி நேரமும் அளவும் வெளியே வரும்.

விதி வகுப்பதைப் பற்றி. இரண்டோ மூன்றோ போதும். மீறிய பிறகு அறிவிப்பது விதி ஆகாது, அது தண்டனை. முதல் நாளே, காரணத்தோடு சொல்ல வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்று சொல்வதை நம்மால் உண்மையில் செய்ய முடிய வேண்டும். இதை விடவும் பெரிய விஷயம் நேரம். கீறிக்கொண்டால் நர்ஸ் ஓடிவந்து அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருகிறார். சும்மா இருந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றால், வார்டே அவருக்குக் கீறிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறது. தலைகீழாக மாற்ற வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ், பத்து நிமிடம், சொன்ன மணிக்கு, அவர் நன்றாக இருக்கிற நாளில் கட்டாயம். காயம் பட்ட நேரத்தில் சிகிச்சை முழுமையாக, பேச்சு சுருக்கமாக. ஏன் நடந்தது என்று சங்கிலிபோல் பின்னோக்கிக் கோக்கும் பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்: அன்று தூங்கினாரா, சாப்பிட்டாரா, முதல் பொறி எது, அடுத்து என்ன நினைத்தார், எந்த இடத்தில் வேறு வழியில் திரும்பியிருக்கலாம். நாற்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ் இருக்கும் இரவில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தை மிச்சம்பிடித்த இரவில் தையல் போட ஒரு மணி நேரம் போகும், அதுதான் கணக்கு.

மக்களே, மோளே என்று சொந்தப் பிள்ளையைப் போலக் கூப்பிடாமல் இந்தப் பக்கத்தில் நர்ஸ் வேலை பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். கோபம் வந்த நாளில் அதைப் பிடுங்கிக்கொண்டு 'நீ' போடுவதுதான் காயப்படுத்தும். சொந்தப் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது, வார்டு நம்பரைக் கொடுக்கலாம். சின்ன ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஒரே சர்ச்சிலோ மார்த்தாண்டம் சந்தையிலோ எதிர்ப்படுவது நிச்சயம். "வெளியில பாத்தா நானா வந்து பேச மாட்டேன், உங்க விஷயம் மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமேன்னுதான். நீங்க பேசினா கட்டாயம் பேசுவேன்." இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், சந்தையில் திரும்பிப் பார்க்காத நர்ஸ் அன்று மாலையே அடுத்த அட்மிஷனுக்குக் காரணமாகலாம்.

மற்ற வகையினரை வார்டு சீக்கிரம் மறந்துவிடும், அவர்கள் சத்தம் போடுவதில்லை. சந்தேகம் மிகுந்தவர் முன்னால் இரண்டு நர்ஸ்கள் குசுகுசுவென்று பேசிச் சிரித்தால் ஒரு வார உழைப்பு போச்சு. மாத்திரையை அவர் கண்முன் அட்டையிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறிய இனிப்பும் அவருக்குச் சந்தேகம்தான். ஒதுங்கியே இருப்பவரைக் கேரம் போர்டுக்கு இழுக்க வேண்டாம். விதியை மீறியே பழகியவரிடம் தனியாகப் பேரம் பேசாமல் இரண்டு பேராக நின்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் "நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லிவிடுவது எளிது, அதுதான் தப்பு. குளிப்பது முன்னாலா, சாப்பிடுவது முன்னாலா என்பதிலிருந்து அவரையே முடிவெடுக்க வைக்க வேண்டும். ஒழுங்கில் கறாரானவருக்கு டெஸ்ட் நேரம் மாறினால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இவர்கள் யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மனநோய்ச் சீட்டு ஒட்டியவரின் உடம்பு வலியை யாரும் நம்புவதில்லை என்பது எல்லா ஊரிலும் உள்ள குறை.

குடும்பம் வார்டுக்குள்ளேயே இருப்பது நம் முறையின் பலம், தலைவலியும்கூட. கட்டிலின் அடியில் பாயைப் போட்டுப் படுத்திருக்கும் அம்மா நாள் முழுக்க நச்சரித்தால் நம் பத்து நிமிடம் வீண். அவருக்கு வேலை கொடுக்க வேண்டும்: பழைய சண்டையைப் பேசாமல் இருப்பது, மகள் அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் உட்காருவது, பொங்கினால் வாதாடாமல் நர்ஸைக் கூப்பிடுவது. ஜெபத்துக்கோ மந்திரவாதியிடமோ போய்வந்ததைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், அங்கே அடித்தார்களா, பட்டினி போட்டார்களா என்பதும் தெரியாமல் போகும். தூத்தூர்க் கரையில் கணவர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் போன் கிடைக்காது. வளைகுடாவில் அப்பா இருக்கும் வீடுகள் எத்தனையோ. கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமே நோயாக இருப்பவருக்குப் படகு கிளம்பும் நாள்தான் ஆபத்தான நாள். அந்தத் தேதியைக் கேட்டு, அந்த வாரத்திலேயே ஓ.பி. நாளை வைக்கலாம்.

டிஸ்சார்ஜ் தேதியை அட்மிஷன் அன்றே சொல்ல வேண்டும். ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். நீண்ட அட்மிஷன் இவர்களுக்குப் பெரும்பாலும் கெடுதல்தான், வெளியில் சமாளிக்கும் பழக்கம் விட்டுப்போகும். போகும் முந்தின நாள் கொந்தளிப்பு வரும் என்று எதிர்பார்த்து, அதையும் அவரிடமே முன்னால் சொல்லிவைக்கலாம்.

கையில் ஒரு தாள் போக வேண்டும், அவர் கையெழுத்தில். பொங்கப் போகிறது என்பதற்கு முன்னறிகுறி என்ன. தனியாகச் செய்யக்கூடியது என்ன. கவனம் திரும்ப எங்கே, யாரிடம் போகலாம். உதவி என்று வாய்விட்டு யாரிடம் கேட்கலாம். வார்டு நம்பர், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. அங்கே தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். கடைசியாக, வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் இந்தக் கடைசி வரி தனியாகக் கேட்டால்தான் வரும். மாத்திரையை ஒளித்துவைப்பார்கள், பூச்சிமருந்தைப் பூட்டுவார்கள்; ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்க வைத்திருக்கும் ஆசிட் கேன் மட்டும் ஷெட்டில் திறந்து கிடக்கும், அது வேலைச் சாமான் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. "ஷீட் நீங்களே அடிக்கிறீங்களா? ஆசிட் எங்க வச்சிருக்கு? சாவி யார்கிட்ட?" பக்கத்துவீட்டு ஷெட்டில் வைத்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவர முடிந்தால் நல்லது. பொங்குகிற நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிரைக் காப்பாற்றும்.

குடும்பத்திடம் அன்று சொல்ல வேண்டிய இன்னொன்று, இது ஆயுளுக்கும் இப்படியே இருக்கும் என்பது பொய். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் சேர்ந்த பார்டர்லைன் நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டு அறிகுறி தணிந்த நிலையை எட்டினார்கள். வேலை, உறவு என்று முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். கீறிக்கொள்வதும் முயற்சிகளும் முதலில் குறைகின்றன. வெறுமையும் கைவிடப்படும் பயமும் கடைசி வரை இழுக்கின்றன.

நர்ஸ்களுக்கும் ஓர் இடம் வேண்டும். வாரத்தில் அரை மணி நேரம், மூன்று ஷிஃப்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர், டாக்டரும் இருந்தால் நல்லது. யாருக்கு யார் மேல் எரிச்சல், யாரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது என்று வாய்விட்டுப் பேச அந்த நேரம். எரிச்சலும் அளவுக்கு மீறிய பாசமும் இந்த வார்டில் வேலையின் பகுதி, மறைத்தால்தான் அது நோயாளி மேல் இறங்கும். ஹெட் நர்ஸ் இதைக் குற்ற விசாரணையாக மாற்றினால் இரண்டாவது வாரமே யாரும் வர மாட்டார்கள்.

பிறகு அவர் திரும்ப வருவார். "மறுபடியும் வந்துட்டியா" என்பதைச் சொல்லாமல், பழைய கேஸ் ஷீட்டை எடுத்துத் தேதிகளைப் பார்க்க வேண்டும். முன்பு ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்தவர் இந்த முறை நாலு மாதம் கழித்து வந்திருந்தால், கீறிக்கொண்ட பிறகு வந்தவர் இந்த முறை கீறுவதற்கு முன் வந்திருந்தால், அதை அவரிடமே சொல்லி, ஹேண்ட் ஓவரிலும் எழுதி, பழைய தாளில் எந்த வரி உதவியது, எது உதவவில்லை என்று கேட்டுத் திருத்தத் தொடங்கலாம்.